விருந்தோம்பல் என்றால் இது

ஹைதராபாத் பாலாநகர் பட்டறைக்காரர்கள் மைக்ரான் கணக்கில் இரும்பைச் சீவுகிறவர்கள். தலைமுடி அளவு பிசகினாலும் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களில் சிலர் 2023 ஏப்ரல் 2 அன்று, நல்ல ஞாயிற்றுக்கிழமை வெயிலில், அமீர்பேட்டையில் மெட்ரோ மாறி உப்பல் கிரிக்கெட் மைதானத்துக்குப் போயிருப்பார்கள். நம் ஐபிஎல் அணி சன்ரைசர்ஸ் சொந்த மண்ணில் ஆடி நான்கு வருடம் ஆகியிருந்ததே!

வந்த விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதல்லவா? ராஜஸ்தான் ராயல்ஸுக்கு முதல் ஆறு ஓவரிலேயே 85 ரன் பரிமாறினோம். பட்லர், ஜெய்ஸ்வால், சாம்சன் மூவருக்கும் ஆளுக்கொரு அரைசதம். மொத்தம் 203.

நம் பந்தியோ இலை போட்ட உடனே கலைந்தது. ராஜஸ்தானின் போல்ட் வீசிய முதல் ஓவரில் இரண்டு விக்கெட், ரன் பூஜ்யம். பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் திரும்பி வந்து, ஆட்டம் ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்வது? 13.25 கோடிக்கு ஏலத்தில் எடுத்த ஹாரி புரூக் 13 ரன் எடுத்தார். ரன்னுக்கு ஒரு கோடி, சில்லறை தனி. (அதே மாதம் கொல்கத்தாவில் போய்ச் சதம் அடித்தார். வெளியூரில்தான் கை நீளும் போலிருக்கிறது.) சாஹல் தன் பங்குக்கு நான்கு விக்கெட் கட்டிக்கொண்டு போனார்.

131க்கு 8. தோல்வி 72 ரன்னில். இதை அளக்க பாலாநகரிலிருந்து மைக்ரோமீட்டர் கொண்டுவர வேண்டியதில்லை. துணிக்கடை முழக்கோலே போதும்.