முன்னும் பின்னும் ஸ்பிரிங்: உடுமலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் அளவையியல் ஆய்வு

உடுமலைப்பேட்டையில் நின்று தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் தெரியும். மலை தெரிகிற ஊரில் மலைச் சைக்கிள் விற்பதில் வியப்பில்லை. விற்ற சைக்கிள் மலைக்குப் போவதில்லை என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. போகக் கூடாது என்பது இரண்டாவது. வனவிலங்குச் சரணாலயமாக இருந்த அந்தக் காடு 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மூணாறு ரோட்டில் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால், தார் ரோட்டை விட்டு நினைத்தபடி இறங்கிவிட முடியாது. புலி ஆட்சேபிப்பதற்கு முன்பே வனத்துறை ஆட்சேபித்துவிடும்.

மலையிருந்தும் மலையேற வழியில்லாத இவ்வூரில், பாறையிலிருந்து பாறைக்குக் குதிப்பதற்கென்றே உருவான ஒரு வாகனத்தைக் குறைந்த விலையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? இதுவே ஆய்வுச் சிக்கல். இத்துறையில் முன்னோர் நூல் எதுவும் நமக்குக் கிடைக்காமையால் மரபு வழியே செல்கிறோம். காண்டல், உரை, கருதல் என்னும் மூன்று அளவைகளைக் கொண்டு இறைவனையே நிறுவியிருக்கிறது சைவ சித்தாந்தம். ஒரு சைக்கிள் அவற்றுக்குள் அடங்காமல் போகாது.

முதலில் காண்டல். ஆய்வுப் பொருளைக் கடைக்காரர்கள் ‘டபுள் சாக்’ என்பர். முன் போர்க்கில் இரண்டு ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே குறுக்காகச் சிவப்பிலோ மஞ்சளிலோ தடித்த ஒரு ஸ்பிரிங், பருத்த டயர், சட்டமெங்கும் மின்னல் வெட்டுப் படங்கள். விலை பெரும்பாலும் 10 ஆயிரத்துக்கும் 15 ஆயிரத்துக்கும் இடையில். பாலித்தீன் உறை பிரிக்காமல் நிறுத்தியிருப்பார்கள். வாங்கியவரும் அதைப் பிரிப்பதில்லை. வெயிலில் அது தானாக உரிந்து போகும்வரை காத்திருப்பார்.

பின் ஸ்பிரிங்கை அருகில் சென்று பார்ப்பவருக்கு ஒரு பொறிப்பு தென்படும். பல மலிவு வண்டிகளில் 750 என்ற எண்ணும், பவுண்டைக் குறிக்கும் மூன்று எழுத்துகளும் இருக்கும். கல்வெட்டு வாசிப்பில் தேர்ந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. கடையில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்.

“ஏனுங்க, இது எத்தன கிலோ தாங்குமுங்க?”

“அதுலயே போட்டிருக்குது பாருங்கண்ணா, எழுநூத்தம்பது. நீங்களும் தம்பியும் சேந்து உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க. திருமூர்த்திமலைக்குக் கண்ண மூடிட்டுப் போலாமுங்க.”

இது உரை அளவை. ஆன்றோர் வாக்கைப் பிரமாணமாகக் கொள்வது நம் மரபு. ஆனால் அந்த ஆன்றோர் பொருளை விற்பவராக இருக்கலாகாது என்று எந்த நூலும் சொல்லாமல் விட்டது பெருங்குறை. 750 என்பது தாங்கும் எடை அன்று. அந்த ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க 750 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 340 கிலோ விசை வேண்டும் என்பதே அதன் பொருள். அது ஸ்பிரிங்கின் விறைப்பைச் சொல்கிறது. சட்டத்தின் வலிமையைப் பற்றி மூச்சு விடவில்லை. அதே ஸ்பிரிங்தான் 35 கிலோப் பையனுக்கும் 85 கிலோத் தகப்பனுக்கும். பையன் ஏறினால் அசையாது. தகப்பன் ஏறினால் நெளியும். இவ்விருவருக்கும் நடுவே எங்கோ ஒரு மனிதனை மனத்தில் வைத்து அதைச் செய்திருக்கிறார்கள். அந்த மனிதன் இன்னும் கடைக்கு வரவில்லை.

இனிக் கருதல். டபுள் சாக் வாங்குவோர் அனைவரும் அறிந்தோ அறியாமலோ ஓர் அனுமானத்தைச் செய்கிறார்கள். ‘இவ்வண்டி குலுங்காது, ஸ்பிரிங் உடைமையால், ஸ்கூட்டர் போல.’ பார்வைக்குக் குற்றமற்ற வாதம். ஆனால் மணிமேகலையின் 29ஆம் காதையில் ஏதுப்போலிகள் மூன்று வகைப்படும் என்றும், அவற்றுள் ஒன்று அநைகாந்திகம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. காட்டிய காரணம் பொருந்தும் இடத்திலும் இருக்கும், பொருந்தாத இடத்திலும் இருக்கும் என்றால் அந்தக் காரணத்தால் எதையும் நிறுவ முடியாது. ஸ்பிரிங் ஸ்கூட்டரில் இருக்கிறது, எலிப்பொறியிலும் இருக்கிறது. எலிப்பொறியில் குலுக்கம் குறைந்ததாக எலிகள் சொல்லக் கேட்டதில்லை.

ஸ்கூட்டரில் குலுக்கத்தை அடக்குவது ஸ்பிரிங் மட்டுமன்று. அதற்குள்ளே எண்ணெய் இருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது அதன் குணம். கொடுக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எண்ணெய். சிறு துளைகள் வழியே பிதுங்கி, அந்த ஆற்றலை வெப்பமாக்கிக் கரைத்துவிடும். இதைத்தான் டேம்பர் என்கிறார்கள். மலிவு வண்டியின் பின் சாக்கில் பெரும்பாலும் இது கிடையாது. வாங்கியது வாங்கியபடி வட்டி குறையாமல் திரும்பி வரும். ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதும் பின்புறம் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போலத் துள்ளுவது அதனால்தான்.

ஏற்றத்தில் இன்னொரு கூத்து. ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடை கீழே இறங்குகிறது. ஸ்பிரிங்கும் அதோடு அமுங்குகிறது. காலின் உழைப்பில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டு கீச், கீச் என்று ரசீது கொடுக்கிறது. திருமூர்த்திமலைக்குப் போகிறவர் உடுமலையிலிருந்து தளி வழியாக 20 கிலோமீட்டர் அளவுக்கு இந்த ரசீதுகளை வாங்கிக்கொண்டே போக வேண்டும். வண்டி எடை 18 கிலோவுக்குக் குறையாது. அந்தக் காலத்து 28 அங்குலச் சக்கர ஹெர்குலிஸும் ஏறக்குறைய அந்த எடைதான்; ஆனால் அது இரண்டு பால் கேனையும் சேர்த்துச் சுமந்தது.

வரலாற்றைச் சற்றே தொட்டுச் செல்வோம். சைக்கிளின் முதன்மையான சஸ்பென்ஷன் காற்று. 1888இல் பெல்பாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கெட்டி ரப்பர் டயரில் ஊர்வலம் போனவர்களின் இடுப்பை நினைத்துப் பார்த்தால், இன்று நாம் விலை பேசும் மற்றெல்லாம் உபரி. மலைச் சைக்கிள் பிறந்தது கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில். 1976 முதல் அங்கே சில இளைஞர்கள் 30கள், 40களில் செய்த ஷ்வின் சைக்கிள்களை டிரக்கில் மேலே ஏற்றிப்போய், மண்பாதையில் கீழே விட்டார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். திரும்பத் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர். அவற்றில் முன்னும் ஸ்பிரிங் இல்லை, பின்னும் இல்லை. முழங்காலும் முழங்கையும்தான் சாக். ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முன் போர்க் சந்தைக்கு வரவே மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. மலையில் உருண்டவர்கள் இல்லாமல் சமாளித்ததை, உடுமலைக் கச்சேரி வீதிக்குக் கட்டாயம் என்று சொல்வது எத்தகைய அனுமானம் என்பதை வாசகர் முடிவுக்கு விடுகிறோம்.

இனிக் களம். காடு இல்லையென்றானபின் உடுமலை வட்டாரத்தில் தாரை விட்டு இறங்கிச் சைக்கிள் ஓட்ட எஞ்சியிருப்பவை பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட (பிஏபி) வாய்க்கால் கரை, குளத்து மேடு, காற்றாலைகளுக்குப் போகும் மண்ரோடு, பிறகு நம் இட்டேரிகள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி அகலம், டிராக்டர் பதித்த இரண்டு தடம், தடங்களுக்கு நடுவே புல். உலகின் எந்த மலைச் சைக்கிள் பூங்காவிலும் இத்தனை நேர்த்தியான ஒற்றையடித் தடத்தைக் காசு கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் இட்டேரியின் எதிரி பள்ளமன்று, முள். கிளுவையும் சீமைக்கருவேலமும் வேலியிலிருந்து உதிர்ப்பதையும், மழைக்குப் பின் தரையோடு படரும் நெருஞ்சியையும் எந்த ஸ்பிரிங்கும் தடுத்ததாகச் சான்றில்லை. முன் சாக், பின் சாக் இரண்டும் பழுதின்றி இயங்கும் வண்டியைத் தோளில் சுமந்து வருவதில் தனி வேதனை உண்டு. 18 கிலோ என்று முன்பே குறித்தோம்.

ஆடி மாதத்தில் இன்னொன்றும் சேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றுதான் இங்கே இத்தனை காற்றாலைகளை நிற்க வைத்தது. அதே காற்று பொள்ளாச்சி ரோட்டில் மேற்கே மிதிக்கிறவரின் நெஞ்சிலும் கை வைக்கும். அதற்கும் சஸ்பென்ஷனில் மருந்தில்லை.

ஆய்வென்றால் ஒப்பீட்டுக் குழு வேண்டும். நல்வாய்ப்பாக அரசே ஒன்றை ஏற்படுத்தித் தந்திருக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06 முதல் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விரிந்த விலையில்லா சைக்கிள். கியர் இல்லை, சாக் இல்லை, மின்னல் படமும் இல்லை. கேரியரில் ஒரு தோழியை ஏற்றிக்கொண்டு அது இட்டேரியில் போகும். பள்ளம் வரும்போது ஓட்டுபவள் சீட்டிலிருந்து அரை அங்குலம் எழுவாள். பின்னால் இருப்பவள் “மெதுவாப் போ புள்ள” என்பாள். ஆய்வுலகம் அறிந்த மிகச் சிறந்த டேம்பர் அந்த அரை அங்குலம்.

இங்கே பூர்வபட்சத்தார் குறுக்கிடுவர். ‘அப்படியானால் இரட்டை சஸ்பென்ஷனே பொய்யா?’ பொய்யன்று, விலைதான் உண்மையைச் சொல்கிறது. அலுமினியச் சட்டம், பின்னால் 120, 130 மில்லிமீட்டர் அசைவு, எண்ணெயும் காற்றும் உள்ள சாக், அதில் திரும்பும் வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், எடை 14 முதல் 16 கிலோ. உலகத்தார் ‘தொடக்க நிலை’ என்று அழைப்பது இதைத்தான். நம் ஊர்ப் பணத்தில் அது பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது. முன்பு பெரும்பாலும் விலையுயர்ந்த வண்டிகளில் இருந்த, ஹார்ஸ்ட் லைட்னர் வடிவமைத்த பின் இணைப்பு, காப்புரிமைக் காலம் முடிந்தபின் மலிவான வண்டிகளுக்கும் இறங்கி வந்தது. எனவே லட்சத்துக்குப் பக்கத்தில் கிடைப்பவை முன்னைவிட நல்லவை. ‘தொடக்கமே லட்சமா’ என்று வெகுண்டெழும் தந்தையருக்கு ஆறுதலாக ஒரு செய்தி: சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 10 ஆயிரம் அடக்க விலைக்கு 700 ரூபாய் மிச்சம். அதை முள்ளுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

லட்சம் கொடுத்தவரும் நிம்மதியாக இருக்க முடியாது. பின் சாக்குக்குக் காற்று 150, 200 பிஎஸ்ஐ என்று போகும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் அதற்கு ஆகாது. தனியாக ஒரு கைப்பம்பு வேண்டும். 50 மணி நேரம் ஓட்டினால் போர்க்கின் அடிக்குழாயைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். நம் மெக்கானிக் அண்ணன் ஹெர்குலிஸின் பின் ஹப்பைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவார். இந்த சாக்கைக் கையில் கொடுத்தால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத கோயமுத்தூரு கொண்டுட்டுப் போயிருங்க சாமி” என்பார். இந்த ஆய்வில் நமக்குக் கிடைத்த உரை அளவைகளில் ஐயத்துக்கு இடமில்லாதது அது ஒன்றே.

கடையில் நின்று மெய்யறிய விரும்புவோருக்குச் சோதனை ஒன்று. சீட்டை இரு கையாலும் அழுத்தி, சட்டென்று விடுங்கள். டொய்ங் என்று உடனே எழுந்தால் உள்ளே எண்ணெய் இல்லை. பிறகு பின் சக்கரத்தின் உச்சியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். சக்கரத்தோடு பின்சட்டமும் சேர்ந்து ஆடினால் இணைப்பு புஷ் பிளாஸ்டிக்காக இருக்கலாம், அல்லது தேய்ந்திருக்கலாம். புதிய வண்டியிலேயே தேய்ந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வரலாம். உட்கார்ந்து பார்க்கும்போது பின் சாக் தன் மொத்த அசைவில் கால்பங்கு அமுங்குவது சரியான அளவு. அறவே அமுங்காவிட்டால் அங்கே ஸ்பிரிங் இல்லை, சிவப்பு வர்ணம்தான் இருக்கிறது.

பூர்வபட்சத்தாரிடம் கடைசியாக ஒரு வாதம் மிஞ்சும். ‘பார்க்க நல்லா இருக்குதுங்க.’ பதின்மூன்று வயதுப் பையன் சொல்லும் இந்த வாதத்துக்கு மூன்று அளவைகளிலும் மறுப்பில்லை. அவனைப் பொறுத்தவரை அந்தச் சிவப்பு ஸ்பிரிங் டியூஷன் வாசலில் நின்றாலே தன் வேலையைச் செய்துவிடுகிறது. இவ்வளவு செலவு செய்து வாங்கிய பொருள் ஒன்று, ஓடாமல் நிற்கும்போது இத்தனை பயன் தருவதை நகைக்கடைக்கு வெளியே நாம் கண்டதில்லை.

ஆகவே முடிபு: 12 ஆயிரம் உள்ளவர் சாக் எதுவும் இல்லாத நல்ல சைக்கிளை வாங்கி, மிச்சத்தைத் தடித்த டயருக்குக் கொடுக்கவும். 30, 40 ஆயிரம் உள்ளவர் முன் சாக் மட்டும், அதுவும் எண்ணெய் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். லட்சத்துக்கு மேல் உள்ளவர் இரட்டை சஸ்பென்ஷனுக்கு முழுத் தகுதி பெற்றவர். கூடவே டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் பாலையும் வாங்கிக்கொள்ளவும். இதற்கு மறுப்பெழுத விரும்பும் அறிஞர்கள் தாராளமாக எழுதலாம். மறுப்புரையைத் தபாலில் அனுப்ப வேண்டாம்; ஆடி மாதத்தில், 15 ஆயிரம் ரூபாய் டபுள் சாக்கில், பொள்ளாச்சி வரை மேற்கே மிதித்துப் போய் அங்கிருந்து நேரில் கொண்டு வந்து தரவும்.