கிழங்கு அச்சகத்தார்

கடைத்தாளில் பரிசைச் சுற்றுவது பண்டிகைக்கே இழுக்கு என்று கருதும் அத்தை அமெரிக்க யூதக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது தேறுவார். கிஸ்லேவ் மாதத்தின் 25-ஆம் நாள் தொடங்கி எட்டு இரவுகள் நீளும் ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாளுக்குப் பல வாரங்கள் முன்பே, மளிகைக் கடையின் பழுப்புக் காகிதப் பைகளைப் பிரித்து, இஸ்திரி போட்டு, சாப்பாட்டு மேசையைக் கைப்பற்றிவிடுவார். குழந்தைகளுக்குக் கெல்ட் எனப்படும் காசு கொடுப்பதே பழைய வழக்கம் என்பதும், பரிசுப் பொட்டலம் அக்கம்பக்கத்துக் கிறிஸ்துமஸின் செல்வாக்கால் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேரூன்றியது என்பதும், தாம் செய்வதே மரபு என்று அவர் வாதிடுவதற்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

அவருடைய அச்சுக்கருவி உருளைக்கிழங்கு. பாதியாக வெட்டிய கிழங்கின் முகத்தில், இரு முக்கோணங்கள் எதிரெதிராகப் பொருந்திய தாவீதின் நட்சத்திரத்தைச் செதுக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி, நீலச் சாயத்தில் தோய்த்து அழுத்தினால், தொடக்கத்தில் ஆறு முனைகளும் தெளிவாக விழும். போகப்போகக் கிழங்கு நீர் விட்டு, முனைகள் ஒவ்வொன்றாக மழுங்கி, தாளின் மறுகோடியில் வெறும் நீலத் திட்டுகளே மிஞ்சும். இத்துடன் நிறுத்தினால் தேவலை. ட்ரெய்டல் என்னும் நான்முகப் பம்பரத்தின் நூன், கிமெல், ஹே, ஷின் ஆகிய எபிரேய எழுத்துகளையும் அவர் விட்டுவைப்பதில்லை. பம்பர ஆட்டத்தில் கிமெல் விழுந்தவருக்கு நடுவில் குவித்த காசு முழுவதும் சொந்தம், நூன் விழுந்தவருக்கு ஒன்றுமில்லை. உருவில் நெருங்கிய இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது கிமெலின் அடியிலுள்ள சிறு கவடு மட்டுமே. அந்த இடுக்கைச் சாயம் அடைத்துவிடுவதாலும், கிழங்கில் நேராகச் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும் என்பதை அத்தை ஆண்டுதோறும் மறந்துவிடுவதாலும், பொட்டலம் முழுவதும் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று கண்ணாடி எழுத்தில் அறிவித்தபடி குழந்தையின் கைக்கு வந்துசேரும். எபிரேயம் பயிலும் பிள்ளை எவனாவது சுட்டிக்காட்டினால், "கையால் செய்ததடா கண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்பதே விடை. செதுக்காத மறுபாதிக் கிழங்குகள் லாட்கே என்னும் எண்ணெய் அடைக்குப் போகும்; அவற்றில் நீலச் சாயம் படவில்லை என்பதற்கு அவர் வாக்கே சான்று.

முனை மழுங்காத நட்சத்திரங்கள் விழுந்த பகுதியை மட்டும் கத்தரித்துக் கடைக்குட்டியின் பொட்டலத்துக்கென ஒதுக்கிவைப்பார் என்பதையும் பதிவு செய்வது நியாயம்.

ஆயினும் அந்தக் கடைக்குட்டிக்கும் தாளைக் கிழிக்கும் உரிமை கிடையாது. ஒட்டுநாடாவை நகத்தால் சுரண்டி, மடிப்புக் கலையாமல் பிரித்து, அடுத்த ஆண்டுக்கென அத்தையிடம் ஒப்படைக்க வேண்டும்; ஹனுக்கா விளக்கு குறைந்தது அரை மணி நேரமாவது எரிய வேண்டும் என்பது விதியாதலால், அந்த அரை மணியும் பெரும்பாலும் ஒரே பொட்டலத்தில் கழியும். உள்ளே இருப்பதோ காலுறை, அதுவும் அளவு தவறியது. தாளில் செலவிட்ட கவனத்தில் சிறு பங்கைப் பிள்ளையின் கால் அளவைக் கேட்பதில் செலவிட்டிருக்கலாம். விளக்கு எரியும் நேரத்தில் பெண்கள் வேலை செய்வதில்லை என்னும் வழக்கத்தை அத்தை வழுவாமல் பின்பற்றுபவராதலால், மேசையில் காய்ந்துபோன சாயத்தைச் சுரண்டுவது கணவரின் பொறுப்பு.