வெள்ளிக்கு எழுபது பெரியப்பா

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு பெரியப்பா வந்து இறங்குவார். சொந்தப் பெரியப்பாவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மனைவியின் தாய்மாமாவாகவோ பழைய வீட்டுக்காரராகவோகூட இருக்கலாம். உத்தியோகம் பெரும்பாலும் கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு. சாங்கி விமான நிலையத்தில் தள்ளுவண்டியோடு வெளியே வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு வெள்ளி என்ன ரேட்டு?"

வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். எழுபது ரூபாய்க்குப் பக்கம் என்று தெரியாமல் சொல்லிவிட்டால் தீர்ந்தது. கண்ணில் படுவதெல்லாம் எழுபதால் பெருக்கப்படும். ஒரு வெள்ளி நாற்பது காசுத் தேநீர் தொண்ணூற்றெட்டு ரூபாயாகும். "தொண்ணூத்தெட்டு ரூவாய்க்கு டீயா?" என்று கேட்டுவிட்டு, கோப்பையில் கடைசிச் சொட்டு இறங்கும்வரை கவிழ்த்துப் பிடிப்பார். இந்தப் புலம்பல் கட்டம் எல்லா விருந்தாளிகளுக்கும் உள்ளதுதான். நமது பெரியப்பா இதைத் தாண்டிப் போகிற ஆள்.

அவரைத் தாண்ட வைப்பது முதல் நாள் இரவு விருந்து. தம்பி மகன் மரியாதைக்காக ஆற்றோரத்தில் விளக்கு மாட்டிய ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போவான். உட்கார்ந்ததுமே மேசைக்கு வேர்க்கடலையும் ஈரத்துண்டும் வந்துவிடும். கேட்காமல் வந்தது இனாம் என்பது ஊர் வழக்கம். பெரியப்பா கடலையைக் காலி செய்து, ஈரத்துண்டால் பிடரிவரை துடைத்துக்கொண்டு, இன்னொன்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். பில்லில் கடலை தனி, துண்டு தனி, தேநீர் தலைக்கு இவ்வளவு. அதற்குக் கீழே சேவைக்கட்டணம் 10 விழுக்காடு, வரி 9 விழுக்காடு.

"பத்தும் ஒம்பதும் பத்தொம்போது. நூறு வெள்ளிக்கு நூத்திப் பத்தொம்போதுதானே வரணும்? தொண்ணூறு காசு கூட வருதே?"

"சேவைக்கட்டணத்துக்கும் சேர்த்து வரி பெரியப்பா."

"பரிமாறினதுக்குக் கூலி, கூலிக்கு வரியா!" என்று அந்தத் தொண்ணூறு காசையே அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். நண்டு எப்படி இருந்தது என்று கேட்டால் நினைவிருக்காது.

மறுநாள் ஒரு சிறு நோட்டு பிறக்கும். மூன்று பத்தி. அந்த ஆற்றோரக் கடையில் சாப்பிட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு, உண்மையில் ஆன செலவு, லாபம். இரண்டாம் வாரம் முடிவதற்குள் லாபம் விமான டிக்கெட்டைத் தாண்டிவிடும். "இன்னும் ஒரு மாசம் இருந்தா ஊர்ல மாடி எடுத்துறலாம்" என்பார். பெரியம்மா எதிர்த்துப் பேசுவதில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்த வகை லாபத்தில்தான் குடித்தனம் நடக்கிறது.

லாபம் விளையும் நிலம் உணவங்காடி நிலையம். தெருவோரம் சட்டி வைத்து விற்றவர்களை அரசாங்கம் எழுபதுகளில் கட்டடங்களுக்குள் கொண்டுவர ஆரம்பித்து, 1986-க்குள் அநேகமாக எல்லோரையும் கூரைக்குக் கீழ் உட்கார வைத்துவிட்டது. 2020-இல் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் பெருமையாக எடுத்துச் சொன்னால் பெரியப்பா கேட்பது ஒன்றுதான்: "சேவைக்கட்டணம்?" கிடையாது, பலகையில் போட்டதுதான் விலை என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போவார்.

முதல் சறுக்கல் அங்கேதான். ஆளில்லாத மேசைகளில் சின்னச் சின்னக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலங்கள் கிடக்கும். நம் ஊர்ப் பேருந்து இருக்கையில் துண்டு போடுவதுபோல உள்ளூர்க்காரர்கள் இடம் பிடித்துவிட்டு வரிசைக்குப் போயிருப்பார்கள். "பாவம், யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க" என்று பெரியப்பா ஒவ்வொன்றாகச் சேகரித்துவிடுவார். தம்பி மகன் மூச்சிரைக்க ஓடி, எது எந்த மேசையினுடையது என்று தெரியாமல் கண்ட மேசையில் வைத்துவிட்டு வருவான். அன்றைக்கு அந்த அங்காடியில் யார் இடத்தில் யார் உட்கார்ந்தார்களோ.

ஆனால் அவர் கற்கும் வேகம் பெரிது. கோப்பி என்றால் கெட்டிப் பால் ஊற்றியது, கோப்பி சி என்றால் ஆவியாக்கிய பால், கோப்பி ஓ என்றால் பால் இல்லை, கோசோங் சேர்த்தால் சர்க்கரையும் இல்லை என்று நான்கு நாளில் மனப்பாடம். ஓ கொஞ்சம் மலிவு என்று பலகையில் பார்த்ததும், அறுபது வருஷமாகப் பாலுக்குள் காப்பி தேடியவர் ஒரே காலையில் கறுப்புக் காப்பிக்கு மாறிவிடுவார். "பித்தத்துக்கு நல்லது" என்று காரணம் வேறு.

அவருடைய உண்மையான போர்க்களம் கலவைச் சோற்றுக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் இருபது முப்பது தட்டுகளில் கறி, மீன், முட்டை, கீரை, தோஃபு. நாம் விரலால் காட்டக் காட்டச் சீனத்து ஆண்டி சோற்றின்மேல் அள்ளிப் போட்டு, தட்டை ஒரு பார்வை பார்த்து, ஒரு தொகை சொல்வார். எதற்கு எவ்வளவு என்ற விளக்கம் இல்லை. முப்பது வருஷம் பேரேடு எழுதிய மனிதருக்கு இது மானப் பிரச்சினை. ஒரு நாள் இரண்டு காய் ஒரு கறி. மறுநாள் அதில் கறியை எடுத்துவிட்டு முட்டை. அடுத்த நாள் அதே தட்டைச் சாப்பாட்டு நேரம் தாழ்ந்தபின் போய் வாங்குவார். சூத்திரம் அகப்படாது. மீனைக் காட்டினால் விலை எகிறும் என்பது மட்டும் உறுதியானது. கடைசியில் நோட்டை மூடிவிட்டு, "இந்தம்மா எங்க பேங்க்ல இருந்திருந்தா ஆடிட்டரே வேண்டாம்" என்பார். அவர் வாயிலிருந்து இதற்கு மேற்பட்ட பாராட்டு வந்ததாகக் குடும்பத்தில் சரித்திரம் இல்லை.

சனிக்கிழமை அவருக்குச் சைவம். அன்று பௌத்தச் சைவக் கடை. தட்டில் வாத்து மாதிரி, மீன் மாதிரி, எல்லாம் சோயாவிலும் கோதுமையிலும் செய்தவை. பார்த்ததும் பின்வாங்குவார். அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை என்று தெரிந்ததும், "நம்ம விரதத்தையே மிஞ்சிட்டானே" என்று வணங்கி உட்கார்ந்து, அந்த வாத்தை இரண்டாம் முறையும் வாங்குவார்.

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்செலின் வழிகாட்டி சிங்கப்பூருக்கு முதன்முதலாக வந்த 2016-இல், சைனாடவுன் அங்காடியில் சோயா கோழி விற்ற ஒரு கடைக்கும் நட்சத்திரம் கிடைத்தது. அப்போது தட்டு இரண்டு வெள்ளிச் சொச்சம். 2021-இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. இந்தக் கதையைக் கேட்ட பெரியப்பாவின் ஒரே ஐயம்: "நட்சத்திரம் போயிடுச்சுன்னா வெல கொறைஞ்சிருக்கணுமே?"

பெரியம்மாவுக்குப் பிடித்த காட்சி வேறு. அங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப் போய் அடுக்கில் வைக்கவேண்டும் என்று 2021 முதல் கண்டிப்பு. முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி மாட்டினால் 300 வெள்ளி அபராதம். இருபத்தோராயிரம் ரூபாய்! கல்யாணமான நாள் முதல் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோன மனிதர், இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு, கண்ணாடிக் குவளை நழுவாமல், அடிமேல் அடி வைத்துப் போவதைப் பெரியம்மா படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். அதற்கு வரும் கைதட்டல் பேரனின் பட்டமளிப்புப் படத்துக்குக்கூட வந்ததில்லை.

அவருடைய லாபக் கணக்கில் ஓட்டைகளும் உண்டு. ஒரு பிராட்டாவில், அதாவது நம் பரோட்டாவில், இருபது காசு மிச்சம் பிடிக்க இரண்டு பேருந்து மாறிப் போவார். பேருந்துக் கட்டணம் நோட்டில் ஏறாது. தட்டுகிற அட்டை தம்பி மகனுடையது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான் அவர் கட்சி. ஆற்றோரத்தில் படம் போட்ட பட்டியலைப் பார்த்துச் சாப்பிட்டவர்கள் சிங்கப்பூரைப் பார்த்ததோடு சரி. இவரோ டாக்சி ஓட்டுநர்கள் எங்கே வண்டியை நிறுத்துகிறார்கள் என்று பார்த்து அதன்பின் போய், கோழிச்சோறு, லக்சா, மீ கோரெங் என்று ஊர்க்காரர்கள் உண்பதை உண்டவர். இன்னொன்று: ஐம்பது காசு ஏறினால் ஊரையே கூட்டுகிற குணம் இவருக்கு மட்டும் உரியதன்று. கோப்பிக் கடையில் எந்த மேசைக்குப் போனாலும் அந்தப் பேச்சுதான்.

அப்படித்தான் ஒரு சீனப் பெரியவர் சிநேகமானார். இருவருக்கும் பொதுவான மொழி கொஞ்சம் ஆங்கிலமும் நிறைய விரல்களும். முன்பு மூன்று வெள்ளி, இப்போது நான்கரை என்று அவர் மீ கிண்ணத்தைக் காட்டித் தலையில் அடித்துக்கொள்ள, பெரியப்பாவும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெரியவர் குரலைத் தாழ்த்தி வடக்கே கை காட்டினார். பாலத்தைத் தாண்டினால் ஜோகூர் பாரு. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். வார இறுதியில் பாதி சிங்கப்பூர் அங்கேதான் சாப்பிடுகிறது.

வந்த நாள் முதல் எழுபதால் பெருக்கிப் பெருக்கிக் களைத்திருந்த மனிதர். மூன்றால் வகுக்கவும் ஓர் ஊர் இருக்கிறது என்று கேட்டதும் பத்து வயது குறைந்துவிட்டது. இரவு தம்பி மகன் வேலை முடிந்து வந்தபோது, மேசைமேல் இரண்டு பாஸ்போர்ட்டும் புது நோட்டு ஒன்றும் தயாராக இருந்தன.

"திரும்பி உள்ளே வர உங்க விசா இடம் கொடுக்குதான்னு பாக்கணும் பெரியப்பா."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டா தம்பி. உன் பஸ் அட்டை அந்தப் பக்கம் போற வண்டியிலயும் செல்லுமா, அத மொதல்ல சொல்லு."