வந்த நோக்கம்

1991-இல் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "மாசம் எவ்வளவு தர்றாங்க தம்பி?"

"ஒண்ணும் இல்லீங்க, சும்மாதான்" என்பேன். கேட்டவர் முகத்தில் பரிதாபம் ஓடும். பி.எஸ்சி. முடித்துவிட்டு ராத்திரி ஏழு மணிக்கு அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? என் அப்பாவுக்குப் பரிதாபம்கூட வரவில்லை. "சும்மா இருக்கிறதுக்கு இது தேவலை" என்று ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாராம். என் பொதுவாழ்வுக்கு வீட்டில் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்கப் பற்றி எரிந்த காலம். 1988-இல் தில்லியில் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கி, 1990-இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாகி, மறு வருஷமே அந்த அலை எங்கள் பக்கம் வந்துவிட்டது. மூன்று பாடப் புத்தகம், ஏறக்குறைய 200 மணி நேரப் படிப்பு. நாங்கள் தொண்டர்கள், வருகிறவர்கள் கற்போர். என் மையத்துக் கற்போரில் பாதிக்கு மேல் கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண்கள். பகலெல்லாம் சுத்தியல் பிடித்த கையில் பல்பம் தங்காது, பொடிப்பொடியாகிவிடும். அதிலும் ஒரு அக்கா, தன் பெயரின் முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் என் ஒரு வாரப் பல்பத்தைத் தீர்த்துவிட்டார். "சிலேட்டை உடைக்காம இருக்கேனே, அதுக்குச் சந்தோசப்படு வாத்தியாரு தம்பி" என்றார்.

அதே அக்கா சைக்கிளை இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டார். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டிருந்தார். ஆயிரக்கணக்கில் பெண்கள் தெருவில் சைக்கிளோடு விழுந்து எழுந்த வருஷம் அது. லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலும் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. ஒரு மழை ராத்திரியில் பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற என்னை அக்கா கேரியரில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோடு வரை மிதித்தார். நான் பின்னால் அரிக்கேனைப் பிடித்திருந்தேன். அறியாமை இருளை அகற்றப் புறப்பட்ட இளைஞனின் படம் ஒன்று அன்றைக்கு யாராவது எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்களுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. அண்ணன் இருந்தார். டி.வி.எஸ். ஃபிப்டியில் எந்த மையத்துக்கு எப்போது வருவார் என்று தெரியாது. வந்தால் திட்டுவார். யாரையும் கலந்து பேச மாட்டார், தானே முடிவெடுத்துவிட்டு "என்னப்பா, எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கிளம்பிவிடுவார். காசுக் கணக்கு இன்னும் எளிது. சட்டைப் பையில் இருப்பது இயக்கத்துடையது, வேட்டிக்குள் டவுசர் பையில் இருப்பது அவருடையது. மாதக் கடைசியில் டவுசரிலிருந்து சட்டைக்குப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன், எதிர்த்திசையில் பார்த்ததில்லை.

இயக்கம் ஓய்ந்த பிறகு சும்மா இருக்கக் கை வரவில்லை. 1994-இல் சங்கம் பதிவு செய்யப் போனோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் இருந்தோம். எதிரே டீக்கடை ராவுத்தர் மாமா கல்லாவில் இருந்தார். "மாமா, ஒரு கையெழுத்து" என்றோம். எதற்கு என்று கேட்காமல் போட்டார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் பொதுக்குழுத் தீர்மானத்தில் அவர் கையெழுத்து உண்டு. கூட்டமே அவர் கடை பெஞ்சில்தான் நடந்தது. அதனால் எங்கள் சங்கத்தில் தவறாமல் கூட்டத்துக்கு வந்த ஒரே உறுப்பினர் என்ற பெருமையும் அவருக்குத்தான்.

பிறகு திட்டப் பணம் வந்தது. வெளிநாட்டு நிதி கொஞ்சம், அரசுத் திட்டம் கொஞ்சம். வவுச்சர் என்ற சொல் என் வாயில் புகுந்தது. "அண்ணே, சாப்பாட்டுச் செலவுக்கு வவுச்சர் போடணும்."

"சோறு போட்ட வீட்டுல ரசீது கேக்கச் சொல்றியா?"

இந்த ஒரு வாக்கியத்தில் பத்து வருஷ உறவு முடிந்தது. நான் விடவில்லை. வெளிப்படைத்தன்மை, கூட்டுத் தலைமை என்று பேசி, 2005 பொதுக்குழுவில் முழு ஜனநாயக முறைப்படி அண்ணனை வீட்டுக்கு அனுப்பினோம். எதிர்ப்பு ஒரே ஓட்டு, ராவுத்தர் மாமாவுடையது. கூட்டுத் தலைமை என் தலைமையில் அமைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நான்தான் தலைவர் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது எங்களுக்குச் சொந்தக் கட்டடம், கேட், செக்யூரிட்டி, தண்ணீர் கேன் வைக்கும் ஸ்டாண்டு. கற்போர் மறைந்து பயனாளிகள் ஆனார்கள். சமீபத்தில் அவர்களுக்கு ஸ்டேக்ஹோல்டர் என்று பதவி உயர்வும் கிடைத்திருக்கிறது. தொண்டர்கள் சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஒரே நிற டீ-ஷர்ட்டில் வருகிறார்கள். பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததே, அதன் விளைவு. நல்ல பிள்ளைகள். வந்து பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஒரே வருஷத்தில் மூன்று கம்பெனிகள் ஒரே சுவரைக் கேட்டதால், தலைமையாசிரியர் போனில், "இந்தத் தடவை என்ன கலர் சார்?" என்று மட்டும் விசாரித்தார். எந்தப் பிள்ளையிடமும் யாரும் மாசம் எவ்வளவு என்று கேட்பதில்லை. கேட்டால் மயக்கம் வரும்.

வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். அந்தப் பணம் எல்லோருக்கும் தில்லியில் ஒரே ஸ்டேட் பாங்க் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆகிவிட்டது. பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஆதார். ராவுத்தர் மாமாவின் ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் வேறொரு பெயர், எங்கள் தீர்மானப் புத்தகத்தில் மூன்றாவது ஒன்று. எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர் பெண் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள், "அவரை எடுத்துடலாம் சார்" என்று. நான்தான் போய்ச் சொன்னேன். மாமா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப இனிமே யாருப்பா ஏழாவது ஆளு?" ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரியைச் சேர்த்திருக்கிறோம். அவர் கூட்டத்துக்கு ஜூமில் வருகிறார். வீடியோ அணைந்தே இருக்கும்.

போன வருஷம் திருச்சியில் தலைமைத்துவப் பயிற்சி, இரண்டு நாள். பயிற்சியாளர் 'நிறுவனர் நோய்' என்று ஒன்றை விளக்கினார். தொடங்கியவர் நாற்காலியை விடமாட்டார், தன்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது என்பார், கூட்டத்தில் கேட்பதுபோல் கேட்டுவிட்டுத் தான் நினைத்ததையே செய்வார் என்று அடையாளங்களை வரிசையாகச் சொன்னார். எனக்கு அண்ணன் ஞாபகம். வயிறு வலிக்கச் சிரித்தேன். நிமிர்ந்தபோது எங்கள் அலுவலகப் பெண்கள் மூன்று பேரும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ இடைவேளையில் யாரும் என் மேஜைக்கு வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அண்ணனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம்.

அந்த வாரம்தான் செக்யூரிட்டி போன் செய்தார். "சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. அப்பாயின்ட்மென்ட் இல்லையாம். வெயில்ல நிக்கிறாங்க." இறங்கிப் போனேன். கல்குவாரி அக்கா. தலை முழுக்க நரை. கேட்டுக்கு வெளியே சைக்கிள் சாய்ந்து நின்றது. ஜென்ட்ஸ் சைக்கிள்தான்.

"உள்ள விடணும்னா நோட்டுல எழுதணுமாமே தம்பி. எழுதிக்கிட்டிருக்கேன், இரு" என்றார். செக்யூரிட்டி இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார் ஒருவர் எழுதுவதை. பேனாவைச் சுத்தியல் மாதிரிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, எல்லாம் கட்டத்துக்குள் நின்றது. கடைசிக் கட்டம் 'வந்த நோக்கம்'. அதை வாய்விட்டுப் படித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

'சும்மா' என்று எழுதினார்.