ஆறு மாசம் உனக்கு, ஆறு மாசம் எனக்கு

ஒரு துண்டு நிலத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால் என்ன ஆகும்? நடுவில் கோடு கிழிப்பார்கள், இல்லாவிட்டால் வெட்டிக்கொண்டு சாவார்கள். பிரான்சும் ஸ்பெயினும் வெட்டிக்கொள்வதைப் பல நூற்றாண்டுகள் மனதாரச் செய்து பார்த்தன. பிறகு பிரெனீஸ் மலை நெடுகக் கோடும் கிழித்தன. ஆனால் ஆற்றின் நடுவே கிடக்கும் ஒரு மண் திட்டில் மட்டும் கோடு கிழிக்க மனசு வரவில்லை. அதனால் இடத்தை வெட்டாமல் காலத்தை வெட்டிவிட்டார்கள். பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை அந்தத் தீவு ஸ்பெயின் பொறுப்பு. ஆகஸ்ட் 1 விடிந்தால் பிரான்ஸ் பொறுப்பு. ஆறு மாசம் கழித்து மறுபடி ஸ்பெயின். தீவு இருந்த இடத்திலேயே இருக்கும், அரசாங்கம்தான் வந்து போகும்.

பெயர் ஃபெசன்ட் தீவு. பிடசோவா என்ற ஆறு கடலில் போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால் கிடக்கிறது. ஒரு கரையில் ஸ்பெயினின் இருன், மறு கரையில் பிரான்சின் ஆந்தாய். இரு கரையிலும் வாழ்வது பாஸ்க் மக்கள். அவர்களைக் கேட்டு யாரும் இந்த எல்லையை வகுக்கவில்லை என்பது தனிக் கதை. தீவின் நீளம் 200 மீட்டர் சொச்சம், அகலம் 40 மீட்டர். வீடு கிடையாது, டீக்கடை கிடையாது. கொஞ்சம் மரம், கொஞ்சம் புல், நடுவில் ஒரு நினைவுத் தூண்.

ஃபெசன்ட் என்பது வால் நீண்ட, கோழி ஜாதிப் பறவை. அதுவும் இங்கே கிடையாது. 1843இல் இந்தப் பக்கம் வந்த எழுத்தாளர் விக்டர் ஹியூகோ ஆசையோடு எட்டிப் பார்த்தார். ஒரு மாடும் மூன்று வாத்துகளும் நின்றன. வழிப்போக்கர்கள் ஏமாறக்கூடாதே என்று ஃபெசன்ட் வேஷத்துக்கு வாடகைக்குப் பிடித்து வந்திருப்பார்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வெற்றுத் திட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? காரணம், கௌரவம். நம்மூர்ச் சம்பந்திச் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏன் முதலில் அவர்கள் வீட்டுப் படி ஏற வேண்டும் என்று இரண்டு தரப்பும் முறுக்கிக்கொண்டு நின்றால் பொது மண்டபம்தான் பார்க்க வேண்டும். இரண்டு ராஜ வம்சங்களுக்கும் வாய்த்த பொது மண்டபம் இந்த ஆறு.

1463இல் ஒரு சந்திப்பு. பிரான்சின் பதினோராம் லூயியும் ஸ்பெயின் பக்கத்துக் காஸ்டில் நாட்டு நான்காம் என்ரிக்கும் பிடசோவா கரையில் கண்டுகொண்டார்கள். காஸ்டில்காரர்கள் வந்த தினுசைப் பார்க்க வேண்டுமே! மன்னரின் செல்லப்பிள்ளை ஒருவர் வந்த படகின் பாய், தங்கச் சரிகைத் துணி. காலில் போட்டிருந்த பூட்ஸிலும் கல் பதித்திருந்தது. எதிர்க் கரையிலிருந்து பிரான்ஸ் மன்னர் வருகிறார்: குட்டையான, மட்டமான உடுப்பு, பழைய தொப்பி, அதில் ஈயத்தில் ஒரு சாமி உருவம். கஞ்சப் பயல் என்று காஸ்டில் தரப்பு சிரித்தது. உங்கள் ராஜா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று பிரெஞ்சுத் தரப்பு பதிலுக்குச் சிரித்தது. பிற்பாடு இதே லூயியிடம் வேலை பார்த்த பிலிப் தெ கொமின் இதையெல்லாம் எழுதிவைத்து, ராஜாக்களை நேருக்கு நேர் சந்திக்கவே விடக்கூடாது என்ற முடிவுக்கு வந்தார். அனுபவஸ்தர்.

அடுத்த கூத்து 1526இல். அதற்கு முந்தைய வருஷம் பிரான்சின் முதலாம் ஃபிரான்சுவா இத்தாலியில் பாவியா என்ற இடத்தில் போருக்குப் போய், ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸின் படையிடம் கையும் களவுமாகச் சிக்கி, மாட்ரிட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். பர்கண்டியைத் தந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். சார்லஸ் ஏமாளி அல்ல. உன் வாக்கை நம்புகிறேன், ஆனால் இரண்டு பிள்ளைகளை அடகு வைத்துவிட்டுப் போ என்றார். மார்ச் 17 அன்று ஆற்றின் நடுவே ஒரு மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். இந்தக் கரையிலிருந்து அப்பா ஒரு படகில், அந்தக் கரையிலிருந்து எட்டு வயசு மூத்தவனும் ஏழு நிரம்பாத இளையவனும் இன்னொரு படகில். மிதவையில் ஆள் மாற்றினார்கள். அப்பா பிரெஞ்சு மண்ணில் கால் வைத்ததும் குதிரையில் ஏறி, நான் மறுபடி ராஜா என்று கத்திக்கொண்டே பறந்தாராம். கொடுத்த சத்தியம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அது சிறையில் மிரட்டி வாங்கியது, செல்லாது என்று கையை உதறிவிட்டார். பிள்ளைகள்?

பிள்ளைகள் நாலு வருஷத்துக்கு மேல் ஸ்பெயினில் கிடந்தார்கள். நடுவில் அவர்களைப் பார்க்கப் போன ஒரு பிரெஞ்சு ஊழியர் மூத்தவனிடம் பேச, நீ பேசுவது புரியவில்லை, இந்த ஊர்ப் பாஷையில் பேசு என்றானாம் பிரெஞ்சுப் பட்டத்து இளவரசன். அவர் ஆசையாகக் கொண்டுபோன வெல்வெட் தொப்பிகளையும் பையன்கள் தலையில் வைக்க விடவில்லை. தொப்பியில் மாந்திரீகம் ஏதாவது வைத்து, பையன்களை ஆகாய மார்க்கமாகக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் காவல்காரர்களுக்கு.

கடைசியில் ராஜாவின் அம்மாவும் சார்லஸின் அத்தையும் உட்கார்ந்து பேசி 1529இல் சமாதானம் செய்தார்கள். ஆண்பிள்ளைகள் ஐந்து வருஷமாகச் சிக்கெடுக்க முடியாததைப் பெண்கள் சில வாரத்தில் முடித்தார்கள். பிள்ளைகளை மீட்கும் தொகை 20 லட்சம் தங்க நாணயம், அதில் 12 லட்சம் கையில் ரொக்கமாக. ஸ்பெயின் ஆட்கள் ஒவ்வொரு நாணயத்தையும் உரசிப் பார்த்து எண்ணி முடிக்க நாலு மாசம் ஆயிற்று. 40,000 நாணயம் மட்டம் என்று தள்ளுபடி. அப்பா குணம் தெரிந்தவர்கள், வேறென்ன செய்வார்கள்? 1530 ஜூலை 1 அன்று அதே ஆற்றில், தங்கம் இப்படிப் போக, பையன்கள் அப்படி வந்தார்கள்.

பிறகு பையன்கள் போய்ப் பெண்கள் வந்தார்கள். 1615 நவம்பர் 9 அன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஸ்பெயின் இளவரசி ஆன், வயசு 14, பிரான்சின் பதின்மூன்றாம் லூயிக்கு. லூயியின் தங்கை எலிசபெத், வயசு 13 ஆகவில்லை, ஸ்பெயினின் வருங்கால நான்காம் ஃபிலிப்புக்கு. அந்த மாப்பிள்ளைக்குப் பத்து வயசு. ஓவியர் ரூபன்ஸ் இந்தக் காட்சியைப் பெரிய திரைச்சீலையில் வரைந்திருக்கிறார். தேவதைகள் மேலிருந்து பொற்காசாகக் கொட்டுகிறார்கள். படத்தில் சம்பந்திகள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

சம்பந்தி உறவு பலப்பட்ட இருபதாவது வருஷம், 1635இல், இரண்டு நாடும் போருக்குப் போயின. அது 24 வருஷம் நடந்தது. இரண்டு கஜானாவும் துடைத்து வைத்த பிறகுதான் சமாதானம் என்ற ஞானம் பிறந்தது. 1659 ஆகஸ்டில் பிரான்ஸ் தரப்பில் கார்டினல் மஸாரின், ஸ்பெயின் தரப்பில் லூயிஸ் தே ஆரோ. மஸாரினுக்குக் கீல்வாதம், ஆரோவுக்கு கௌரவம், இரண்டும் நடமாட்டத்துக்கு இடைஞ்சல். யார் யாரைத் தேடி வருவது? கூப்பிடு தீவை!

தீவில் ஒரு மரக் கட்டடம் எழுப்பினார்கள். கண்ணாடியில் பார்த்தது போல இடது பாதியும் வலது பாதியும் ஒரே அச்சு. அந்தக் கரையிலிருந்து ஒரு பாலம், இந்தக் கரையிலிருந்து ஒரு பாலம். நடு அறைக்கு இரண்டு வாசல். உள்ளே இரண்டு நாற்காலி, இரண்டு மேஜை. கார்டினல் பிரான்சில் உட்கார்ந்திருப்பார், முழங்கால் இடிக்கிற தூரத்தில் ஆரோ ஸ்பெயினில் உட்கார்ந்திருப்பார். இப்படி இருபத்து நாலு தடவைக்கு மேல் உட்கார்ந்து, நவம்பர் 7 அன்று பிரெனீஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ருசியோன், ஆர்த்வா எல்லாம் பிரான்சுக்கு. அதோடு ஃபிலிப்பின் மகள் மரியா தெரேசா, பதினான்காம் லூயிக்கு. பெண் ஸ்பெயின் சிம்மாசனத்தில் பங்கு கேட்கக்கூடாது, அதற்கு ஈடாக வரதட்சணை ஐந்து லட்சம் தங்க நாணயம். இந்தத் தொகையை மறந்துவிடாதீர்கள், வேலை இருக்கிறது.

மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டு பக்கத்திலும் ஒன்றுவிட்ட உறவு. மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் மாமா, பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் மாமா. நம்மூரில் இது அட்சர சுத்தமான முறைப்பெண். அவர்களுக்குப் போப்பாண்டவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

கல்யாண ஏற்பாடு 1660இல். தீவில் ஸ்பெயின் பாதியை அலங்கரிக்கும் பொறுப்பு யாருக்கு? ஓவியர் வெலாஸ்கெஸுக்கு. உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் கலைஞர், அரண்மனையில் அவர் பதவி தங்கும் ஏற்பாடுகளைக் கவனிப்பது. மாட்ரிட்டிலிருந்து திரைச்சீலைகளை வண்டி வண்டியாக இழுத்துவந்து மாட்டிவிட்டு ஜூன் கடைசியில் வீடு திரும்பினார். ஆகஸ்ட் 6 அன்று காலமானார். கல்யாண மண்டபக் காண்டிராக்ட் எடுத்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

இளவரசி கன்னியாக எல்லை தாண்டக்கூடாதாம். எனவே ஜூன் 3 அன்று ஸ்பெயின் பக்கத்திலேயே ஒரு தாலி கட்டு, மாப்பிள்ளை இல்லாமல். மாப்பிள்ளை ஸ்தானத்தில் நின்றவர் நம் ஆரோ, அறுபதைத் தாண்டியவர். மறுநாள் தீவில் அக்காவும் தம்பியும், அதாவது லூயியின் அம்மா ஆனும் மன்னர் ஃபிலிப்பும், சந்தித்தார்கள். 1615இல் இதே ஆற்றைத் தாண்டிப் போன அதே ஆன். 45 வருஷம் கழித்துப் பார்க்கிறாள் தம்பியை. கட்டி அணைத்து முத்தம் கொடுக்கப் போனால், ஃபிலிப் தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டே போனார். ஸ்பெயின் அரண்மனை ஆசாரத்தில் முத்தத்துக்கு இடமில்லை. தரையில் அவர் பக்கம் பாரசீகக் கம்பளம், அக்கா பக்கம் சிவப்பு வெல்வெட். அவரவர் கம்பளத்தில் நின்றே பாசம் காட்ட வேண்டும்.

அப்போது வாசல் கதவருகே யாரோ ‘முன்பின் தெரியாதவர்’ வந்து நிற்பதாக மஸாரின் சொன்னார். லூயிதான். முறைப்படி இன்னும் பெண்ணைப் பார்க்கக்கூடாது, எனவே எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். ஃபிலிப் மாப்பிள்ளையை ஒரு நோட்டம் விட்டுத் திருப்தியானார். பெண்ணிடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், அதைச் சொல்லும் நேரம் இதுவல்ல என்று அப்பாவே குறுக்கே விழுந்தார். மாப்பிள்ளையின் தம்பி விடுவானா? அந்தக் கதவு எப்படி இருக்கிறது என்று கேட்டான். கதவு ரொம்ப அழகாகவும் நல்லதாகவும் தெரிகிறது என்றாள் மரியா தெரேசா. அந்தத் தீவில் அத்தனை நூற்றாண்டில் பேசப்பட்ட பேச்சுகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

கல்யாணம் ஆயிற்று. வரதட்சணை? ஸ்பெயின் கஜானாவில் ஐந்து லட்சம் ஏது! ஒரு தவணைகூட வரவில்லை. மஸாரின் ஆட்கள் இதை எதிர்பார்த்தே, பணம் வந்தால்தான் உரிமை போகும் என்கிற மாதிரி வாசகத்தைச் செருகியிருந்தார்கள். மாமனார் கண்ணை மூடிய பிறகு 1667இல் லூயி, பாக்கிக்குப் பதில் நிலம் என்று படையோடு கிளம்பிவிட்டார். 1700இல் அவருடைய பேரனே ஸ்பெயின் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். ஐந்து லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் வீட்டையே எழுதிக் கொடுத்தது போல ஆயிற்று.

ஒற்றைப் பாலத்தில் எதிரெதிரே வந்து, வழி விடாமல் முட்டி, ஆற்றில் விழுந்த இரண்டு ஆடுகளின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பிரெஞ்சில் அதை எழுதிய லா ஃபோந்தேன், ஆடுகள் எதிரெதிரே நடந்துவரும் இடத்தில் லூயியும் ஃபிலிப்பும் இந்தத் தீவுக்கு வந்ததை ஒப்பிட்டிருக்கிறார். லூயி உயிரோடு இருக்கும்போதே. துணிச்சல்காரர்.

ராஜாக்கள் போன பிறகு தீவுக்கு மீனவர்கள் சண்டைதான் மிச்சம். 1856இல் பயோன் நகரில் போட்ட ஒப்பந்தம், தீவு இரண்டு நாட்டுக்கும் பிரிக்காத பொதுச் சொத்து என்றது. பொதுச் சொத்தில் திருடன் வந்தால் யார் பிடிப்பது? அதற்கு 1901இல் இன்னொரு ஒப்பந்தம்: ஆறு மாசம் நீ, ஆறு மாசம் நான். சான் செபாஸ்டியனின் கடற்படைத் தளபதி ஒரு தவணை, பயோன் தரப்புக் கடல்துறை அதிகாரி மறு தவணை. இவர்களுக்குப் பட்டப்பெயர் வைஸ்ராய். தன் ராஜாவைக் கழுத்தை வெட்டி அனுப்பிய பிரெஞ்சுக் குடியரசுக்கு, ராஜப் பிரதிநிதி ஒருவர், புல் வெட்டும் இடத்துக்கு!

வைஸ்ராய்க்கு வேலை அதிகமில்லை. நகராட்சி ஆட்கள் படகில் போய்ப் புல்லையும் மரக்கிளையையும் வெட்டுவார்கள். கூடாரம் போட்டுப் படுத்தவர்களைப் போலீஸ் எழுப்பி விரட்டும். தண்ணீர் வற்றினால் ஸ்பெயின் கரையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். விசேஷ நாள் தவிரப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

ஒரே ஒரு வில்லங்கம். பிப்ரவரி முதல் ஜூலை வரை எண்ணிப் பாருங்கள், 181 நாள். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை 184. அங்குலம் அங்குலமாக நாற்காலி போட்டவர்கள் கணக்கில் பிரான்சுக்கு வருஷத்துக்கு மூன்று நாள் கூடுதல்; லீப் வருஷத்தில் இரண்டு. நல்லவேளை, ஆரோ உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இந்த மூன்று நாளுக்கு இன்னொரு இருபத்து நாலு தடவை உட்கார்ந்திருப்பார்.