சட்டைப்பைக் கணக்குப்பிள்ளை

சாண்டா கிளாரா, கலிபோர்னியா
10.6.2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றரைப் பக்கம் ஊர்ச்சேதி, கடைசி அரைப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து மாறியிருந்தது. அத்தான் பேனாவைப் பிடுங்கிவிட்டார் போலிருக்கிறது. ‘பாம் பைலட் என்கிறார்களே, அந்தச் சட்டைப்பைக் கம்ப்யூட்டர் என்ன விலை? வாங்கலாமா? எனக்கு உபயோகப்படுமா? ஒளிக்காமல் எழுதவும்’ என்று மருந்து ஸ்டாக்கிஸ்டுக்கு ஆர்டர் போடுகிற தோரணையில் கேட்டிருக்கிறார். ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் உனக்குத்தான் எழுதுவேன். நீ படித்துவிட்டு, வேண்டியதை மட்டும் அவருக்குச் சொல்.

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம் கம்பெனியின் சல்லிசான மாடல் எம்100, போன ஆகஸ்டில் வந்தபோது 149 டாலர். நம் கணக்கில் ஏழாயிரம் ரூபாய். கலர் திரைதான் வேண்டும் என்றால் போன மாதம் கடைக்கு வந்த எம்505, 449 டாலர். இருபத்தோராயிரம். நீ இந்த வரியைப் படிக்கும்போது கரண்டி விழுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. இன்னொன்று: புது மாடல் வரப்போகிறது என்று மார்ச்சிலேயே கம்பெனி தம்பட்டம் அடித்துவிட்டது. சரக்கு வரவோ மே மாதம் ஆயிற்று. நடுவில் பழையதை எவன் வாங்குவான்? மூட்டை மூட்டையாகத் தேங்கிப்போய், இப்போது விலையைக் குறைத்துத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். இந்த இடத்தை அத்தானுக்குச் சத்தம் போட்டுப் படிக்காதே.

சாமான் என்னவோ சின்னதுதான். அத்தான் பையில் இருக்குமே, சாம்பிள் மாத்திரை அட்டைப்பெட்டி, ஏறக்குறைய அந்த அளவு. கீழே நான்கு பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் இன்றைய வேலை, ஒன்றில் விலாசம், ஒன்றில் செய்ய வேண்டியவை, ஒன்றில் துண்டுக் குறிப்பு. அமுக்கின கணத்தில் வந்து நிற்கும். கம்ப்யூட்டர் மாதிரி உறுமிக்கொண்டு கிடக்காது. இதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் போன் பேசாது, பாட்டுப் பாடாது. இன்னொருவரிடம் இதே சாமான் இருந்தால் இரண்டையும் தலைக்குத் தலை நீட்டி, விலாசத்தைக் கம்பியில்லாமல் அனுப்பலாம். லிவர்மோர் கோயிலில் புளியோதரை வரிசையில் இரண்டு பேர் இப்படி நீட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்ற பாட்டி, ஏதோ புது மாதிரி தீபாராதனை என்று நினைத்தாளோ என்னவோ, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எழுதுவதில்தான் இருக்கிறது கூத்து. கீபோர்டு கிடையாது. ஒரு பிளாஸ்டிக் குச்சி தருவார்கள். திரைக்கு அடியில் இரண்டு கட்டம். இடப்பக்கம் எழுத்துக்கு, வலப்பக்கம் எண்ணுக்கு. அந்தத் துக்கினியூண்டு இடத்தில் ஓர் எழுத்தின் தலைமேலேயே அடுத்த எழுத்தை எழுத வேண்டும். அதுவும் நீ ஸ்கேலால் விரலில் தட்டிச் சொல்லிக்கொடுத்தாயே, அந்த ஏபிசிடி செல்லாது. கிராஃபிட்டி என்று தனி எழுத்து. ஏ எழுதினால் நடுக்கோடு போடக்கூடாது, வெறும் கூரைதான். நீளக்கோட்டை இடமிருந்து வலம் இழுத்தால் இடைவெளி. அதையே வலமிருந்து இடம் இழுத்தால் கடைசி எழுத்து காலி. முற்றுப்புள்ளிக்கு இரண்டு தட்டு. ஒரு தட்டோடு நிறுத்தினால் இரண்டாவதுக்காகக் காத்திருக்கும். கே இருக்கிறதே, அது ஒரு வித்தை. வலது மேல்மூலையில் தொடங்கி, சரிந்து இறங்கி, இடப்பக்கம் ஒரு சுழி சுழித்து, வலது கீழ்மூலையில் விட வேண்டும். மறந்துபோய் இடப்பக்கமிருந்து தொடங்கிவிட்டால் அது கே இல்லை, எக்ஸ்.

ஏன் இந்த அழும்பு என்றால் அதற்கும் கதை இருக்கிறது. ஆப்பிள் கம்பெனி 1993-ல் நியூட்டன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மனுஷன் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடும் என்றார்கள். அது படித்த லட்சணத்தைப் பத்திரிகைக் கார்ட்டூனில் எல்லாம் போட்டுச் சிரித்தார்கள். 1998-ல் கடையை மூடிவிட்டார்கள். பாம் ஆட்கள் உஷார். ‘மெஷினுக்கு உன் எழுத்து புரியாவிட்டால் பரவாயில்லை, மெஷினுக்குப் புரிகிற மாதிரி நீ எழுதக் கற்றுக்கொள்’ என்றுவிட்டார்கள். வாழ்க்கைப்பட்டுப் போன புது மருமகள் ரசம் வைக்கிற கதைதான். உனக்கு விளக்க வேண்டியதில்லை.

இதைப் பழக ஜிராஃப் என்று ஒரு விளையாட்டும் உண்டு. எழுத்துகள் மேலேயிருந்து உதிரும். தரையைத் தொடுவதற்குள் குச்சியால் எழுதி அழிக்க வேண்டும். எம்.சி.ஏ. முடித்தவன், சம்பளம் டாலரில் வாங்குகிறவன், நடுராத்திரியில் போர்வைக்குள் உட்கார்ந்து ஏபிசிடி பழகினேன். இன்று வேகத்தில் என்னை அடிக்க எங்கள் ஆபீசில் ஆள் கிடையாது. ஆனால் பேனா பிடித்தால் அது தெரிகிறது. வாடகைச் செக்கில் ஏ எல்லாம் கூரையாக விழுகிறது. அபார்ட்மென்ட் மேனேஜர் அம்மாள் செக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது உங்கள் ஊர் பாஷையா என்று கேட்டாள்.

கிராஃபிட்டியில் தமிழ் எழுத வழியில்லை. சனிக்கிழமை காய்கறி லிஸ்டை இங்கிலீஷ் எழுத்தில்தான் போட்டாக வேண்டும். கத்தரிக்காயை அப்படி எழுதினால் மூன்று கே வரும், எண்ணிப் பார். அவசரத்தில் எழுதினேன், மூன்றும் எக்ஸாக நின்றன. கடையில் எடுத்துப் பார்த்தால் அது காய்கறி மாதிரியே இல்லை. அத்தான் கம்பெனி ஆன்டிபயாடிக் பெயர் மாதிரி இருந்தது. வேளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.

இன்னொரு சேதி, அப்பாவிடம் சொல். கலிபோர்னியாவில் கரண்ட் கட்! நிஜமாகத்தான். ஜனவரியில் வந்தது, மார்ச்சில் வந்தது, போன மாதமும் வந்தது. முறை வைத்து, பேட்டை பேட்டையாக நிறுத்துகிறார்கள். எங்கள் ஆபீசில் அணைந்தபோது எனக்கு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. எழுந்து வெளியே போய் யாரிடமாவது நாலு வார்த்தை பேசலாம் என்று பார்த்தால், அவனவன் அவனவன் இடத்திலேயே இருந்து சட்டைப்பையிலிருந்து இந்தச் சாமானை எடுத்து, பச்சை வெளிச்சத்தில் தட்டிக்கொண்டிருக்கிறான். நம் தெருவில் லைட் போனால் எட்டு வீட்டுச் சேதியும் திண்ணைக்கு வந்துவிடுமே. இங்கே அடுத்த சீட்டுக்காரனுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்பதே எனக்குத் தெரியாது.

என்னுடையதை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. பழைய கம்பெனியில் போன கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள், முதுகில் கம்பெனி பெயரைப் பொறித்து. ஏப்ரலில் கம்பெனியே போய்விட்டது. பொறித்த பெயர் மட்டும் அழுத்தமாக இருக்கிறது. இப்போதும் திங்கட்கிழமை பத்து மணியானால் ‘ஸ்டேட்டஸ் மீட்டிங், தவறாமல் வரவும்’ என்று கீச்சிடுகிறது. அந்த ரூமில் இப்போது ஒரு பல் டாக்டர் இருக்கிறார்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. வேறு வேலை கிடைத்துவிட்டது, சம்பளம்தான் குறைவு. ஹெச்1 விசாவில் வேலை போனால், போன அன்றைக்கே இங்கே இருக்கிற பாத்தியதை ஆட்டம் கண்டுவிடும். புது முதலாளி காகிதம் போடுகிறவரை தூக்கம் கிடையாது. வரி பிடிக்கும்போது ஊர்க்காரன் மாதிரி பிடிக்கிறார்கள், வேலை போகும்போது மட்டும் விருந்தாளி ஆகிவிடுகிறோம். அந்த நாட்களில் இந்தச் சாமானில் செய்ய வேண்டியவை பட்டியலைத் திறந்தால், முதல் இடத்தில் ‘வேலை தேடு’ என்று நிற்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை அவசரம் குறிக்கலாம். ஒன்று போட்டிருந்தேன். அதற்கு மேல் அவசரத்துக்கு அதில் எண் இல்லை.

சரி, அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய டைரியை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் பேண்டு போட்டு, பஸ் டிக்கெட்டும் விசிட்டிங் கார்டும் பிதுங்கிக்கொண்டு இருக்கும். எந்த டாக்டர் எத்தனை மணிக்கு மெடிக்கல் ரெப்பைப் பார்ப்பார், எந்தக் கம்பவுண்டரை முதலில் விசாரிக்க வேண்டும், எந்த டாக்டர் மகளுக்கு எப்போது பிறந்தநாள், எல்லாம் அதில் இருக்கிறது. தமிழும் இங்கிலீஷும் கலந்து, அம்புக்குறி போட்டு, ஓரத்தில் அடித்துத் திருத்தி எழுதியிருப்பார். அதை இந்தச் சின்னத் திரையில் குச்சியால் ஏற்றுவதென்றால் அவர் இரண்டு மாதம் லீவு போட வேண்டும்.

ஏற்றிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சல்லிசான மாடல்களில் உள்ளே எழுதினதெல்லாம் இரண்டு ஒல்லி பேட்டரியின் தயவில் நிற்கிறது. வாரக்கணக்கில் வரும், நிஜம்தான். ஆனால் தீர்ந்துபோய் கவனிக்காமல் விட்டால் மொத்தமும் துடைத்துப் போய்விடும். மாற்றும்போதும் பழையதை எடுத்த ஒரு நிமிஷத்துக்குள் புதுசைப் போட்டாக வேண்டும். செங்கோட்டை லாட்ஜில் ராத்திரி பத்து மணிக்கு அது சாகப்போகிறேன் என்று முனகினால், பெட்டிக்கடையில் டார்ச் லைட் கட்டைதான் கிடைக்கும். அதனால்தான் இதை ஒரு தாங்கியில் நிறுத்தி, பொத்தானை அமுக்கி, உள்ளே இருப்பதை அவ்வப்போது கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைப்பார்கள். இதுதான் முக்கியம் அக்கா: இந்தச் சாமான் பாதி, மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டர் மீதி. பாதியை மட்டும் வாங்கி என்ன செய்ய? பிரவுசிங் சென்டர் பையன் தன் மெஷினில் இதைச் சொருக விடுவானா? தவிர, அவர் கம்பெனி இன்னும் கார்பன் வைத்து எழுதிய ரிப்போர்ட்டைத்தானே கேட்கிறது?

அவர் எதற்கு ஆசைப்படுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். வேறு கம்பெனி ஏரியா மேனேஜர் ஒருத்தர் கிளினிக்கில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருந்தாராம், டாக்டர் உள்ளே கூப்பிட்டு வைத்துப் பேசினாராம். அத்தானும் எடுத்து நீட்டட்டும். டாக்டர் கையில் வாங்குவார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ‘நல்லா இருக்கே’ என்பார். டாக்டர் அப்படிச் சொன்ன பிறகு பேனாவோ, கடிகாரமோ, மேஜைக் காலண்டரோ, எந்த ரெப்பாவது திரும்ப எடுத்துக்கொண்டு வந்த சரித்திரம் உண்டா என்று அவரையே கேள்.

இவ்வளவுக்கும் பிறகு மனசு கேட்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. இதை உண்டாக்கின ஜெஃப் ஹாக்கின்ஸ், முதல் பைலட் 1996-ல் வருவதற்கு முன், அதே அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தவர். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, பார்த்து, எழுதுகிற மாதிரி பாவனை செய்வாராம். அத்தானும் காலி சாம்பிள் பெட்டி ஒன்றை ஒரு மாதம் பையில் வைத்துக்கொள்ளட்டும். டைரியைத் தேடுகிற போதெல்லாம் அதை எடுத்து ஈர்க்குச்சியால் எழுதிப் பார்க்கட்டும். கம்பவுண்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாதம் முடிந்தும் ஆசை தீரவில்லை என்றால் பொங்கலுக்கு வரும்போது என்னுடையதையே கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கீச்சிட்டால் அவர் போக வேண்டியதில்லை என்று சொல்லிவை. காசு போட்டு மட்டும் வாங்க வேண்டாம். டைரிக்குப் புது ரப்பர் பேண்டு இரண்டு வாங்கிக் கொடு.

உன் தம்பி