25 சதப் பத்தியம்

நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். அந்த மாதத்தில் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மண்டபங்கள் சும்மா கிடப்பதில்லை. இலவசப் பரிசோதனை முகாம், மங்கல விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சீனி '240' என்று துண்டில் எழுதிக் கையில் தருவார்கள். பிறகு பிரதம அதிதி எழுந்து திருவாய் மலர்வார்: "இந்த நோய் எங்கட பழக்கவழக்கத்தாலதான் வருது." கைதட்டல். அடுத்து சிற்றுண்டி: ஒரு பட்டிஸ், ஒரு ரோல்ஸ், ஒரு துண்டு கேக், பிளாஸ்டிக் கப்பில் சோடா. 240 துண்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துண்டுக்குரியவரும் தட்டை நீட்டுவார். நீட்டாமல் விட்டால் ஏற்பாட்டாளர் மனம் நோகும் அல்லவா?

அதிதி சொன்னது பொய்யல்ல. இலங்கையில் நிகழும் 100 மரணங்களில் 80க்கு மேல் தொற்றாத நோய்களால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொழும்பு நகரில் நடந்த ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு என்றது. சீனி, உப்பு, எண்ணெய், உட்கார்ந்தே கிடப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் குற்றவாளிகள்தாம். ஆனால் பழக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு விலை உண்டு, வரி உண்டு, வர்த்தமானியும் உண்டு. அதைப் பற்றி எந்த மேடையும் வாய் திறப்பதில்லை.

நாம் திறப்போம். 2016 ஓகஸ்டில் குளிர்பானப் போத்தல்களுக்கு வீதிச் சமிக்ஞை விளக்கு நிறங்கள் வந்தன. அன்றைய கணக்கில், 100 மில்லிலீற்றரில் 11 கிராம் சீனியைத் தாண்டினால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். பத்தரைக் கிராம் போட்டால் மஞ்சள்தான். 400 மில்லிலீற்றர் குடித்தால் வயிற்றில் 42 கிராம், ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. மஞ்சள் என்றால் கவனமாம். காலி வீதியில் மஞ்சள் விளக்கைக் கண்டு வேகம் குறைத்த தனியார் பஸ்ஸை யாராவது கண்டதுண்டா?

2017 நவம்பரில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, இனிப்புப் பானங்களில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி போட்டார். ஓராண்டு ஓடியது. 2018 இன் அரசியல் கூத்தில், 51 நாள் மட்டுமே நீடித்த அரசில், நிதியமைச்சர் நாற்காலியில் மஹிந்த ராஜபக்ஷ. நாட்டுக்குப் பிரதமர் யார் என்றே தெரியாத அந்த நாட்களிலும் ஒரு காரியம் தடங்கலின்றி நடந்தது: 50 சதம் 30 சதமாகியது. பாராளுமன்றத்தில் மிளகாய்த்தூள் வீசிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடச் சோடாவின் நினைவு வந்திருக்கிறது. என்ன கரிசனை!

அது முன்னோட்டம். படம் 2020 ஒக்டோபர் 13 அன்று வெளியானது. நிதியமைச்சர் அதே மனிதர். இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபா இருந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு, ஓர் அதிவிசேட வர்த்தமானியில் 25 சதமானது. 25 சதக் குற்றியைக் கடைசியாக எப்போது கண்டீர்கள்? கொச்சிக்கடைக் கோயில் வாசலில் தர்மமாகப் போட்டாலும் திட்டு விழும். திறைசேரிக்கு ஏறக்குறைய 1,600 கோடி ரூபா நட்டம். வரி குறைந்த ஆதாயம் சீனி வாங்கியவன் கைக்கும் வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் சீனி கிலோ 200 ரூபாவைத் தாண்டியது. அவசரகால விதிகள் போட்டார்கள். சீனியையும் அரிசியையும் தேடிப் பிடிக்க ஒரு மேஜர் ஜெனரலை நியமித்தார்கள். வரியைத் திருப்பி 50 ரூபாவாக்கியது 2023 நவம்பரில். அந்த மூன்று ஆண்டுகளும் நவம்பர் 14 தவறாமல் வந்தது. "சீனியைக் குறையுங்கள்" என்று தவறாமல் சொன்னார்கள்.

எங்கள் உடல்நலத்தில் உண்மையாகவே அக்கறை கொண்டு செய்த காரியமும் ஒன்று உண்டு. 2021 இல், நஞ்சில்லா உணவு தருகிறோம் என்று அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயன உரத்தை ஒரே இரவில் தடுத்தார். நஞ்சு போனது; கூடவே சோறும் போனது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். மருத்துவர் சொல்லியும் குறைக்காத சோற்றை அரசாங்கம் குறைத்துக் காட்டியது.

இப்போது புறக்கோட்டையில் மூட்டை தூக்கிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் ஒரு நாட்டாமியின் தட்டைப் பாருங்கள். அரை றாத்தல் பாண், தண்ணிப் பருப்பு, மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ. மீன் எட்டாது, முட்டைக்குக் கணக்குப் பார்க்க வேண்டும், கீரை வாங்கி ஆய்ந்து சமைக்க வீட்டில் ஆளுமில்லை, காஸுமில்லை. மூட்டை தூக்கும் உடம்புக்குக் குறைந்த காசில் கிடைக்கிற எரிபொருள் மாவும் சீனியும்தான். அவரிடம் போய்ப் பழக்கவழக்கம் பேசுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது கொழும்பு 7இல் தாராளமாக விளைகிறது.

"மாலையில் அரை மணி நேரம் நடவுங்கோ. மனசைப் பாரமாக்காதேங்கோ. நல்லா நித்திரை கொள்ளுங்கோ." அருமை. மன அழுத்தம் இரத்தச் சீனியை ஏற்றும், நீரிழிவு மனச்சோர்வைக் கூட்டும், தூக்கமின்மை இரண்டையும் வளர்க்கும், மருத்துவம் மெய்தான். ஆனால் வெள்ளவத்தைத் தமிழனுக்கு நடைப்பயிற்சி சொல்லும் அரசுக்கு நினைவு கொஞ்சம் குறைவு. மாலையில் நடக்கப் போனால் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கேட்ட ஊர் இது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது. 1983 ஜூலையில் இந்த ஒழுங்கைகளில் எரிந்த வீடுகளுக்குள் இருந்தவர்கள் எத்தனை மணி நேரம் நித்திரை கொள்ள வேண்டும்? 2019 ஏப்ரல் 21, குண்டு வெடித்த காலையில் அந்தோனியார் கோயிலுக்குப் பிள்ளையை அனுப்பிய கொட்டாஞ்சேனைத் தாய்க்கு எந்த மூச்சுப்பயிற்சி? நெஞ்சு படபடப்பைக் கொடுத்தவர்களும் தடுக்காதவர்களும் இப்போது துண்டுப்பிரசுரமும் கொடுக்கிறார்கள். அதுவும் பல வேளை சிங்களத்தில். கிளினிக்கில் விடியற்காலை நம்பர் எடுத்து மதியம்வரை காத்திருந்த ஆச்சி, விளங்காத ஆலோசனைக்கு மூன்று தரம் தலையாட்டிவிட்டு வருகிறா. பதிவேட்டில் "அறிவுரை வழங்கப்பட்டது" என்று விழும்.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்களல்லர். கல்யாண மண்டபத்தில் மூன்று வகை இனிப்பில்லாவிட்டால் சம்பந்தி முகம் கறுக்கும். குரக்கன் பிட்டு வைத்தால் "கஷ்டமோ?" என்று கேட்போம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அது முடிய ரியூஷன், அதுவும் முடிய இன்னொரு ரியூஷன். நடுவே பசிக்கு ஒரு ரோல்ஸ், ஒரு சோடா. ஓடி விளையாட நேரமே கொடுக்காமல் வளர்த்து, முப்பது வயதில் 'பிரஷர்' என்றதும் கண்ணூறு கழிப்போம்.

ஆகவே அடுத்த நவம்பர் 14க்கு வரப்போகும் பிரதம அதிதி அவர்களே, விளக்கேற்றுங்கள், பொன்னாடை போர்த்துங்கள், ஆட்சேபம் இல்லை. பேச்சைத் தொடங்குமுன் அந்த 2020 ஒக்டோபர் வர்த்தமானியை மேடையில் ஒரு தரம் வாசியுங்கள். 1,600 கோடி எவர் பைக்குப் போனது, அதில் எத்தனை கிளினிக் நடத்தியிருக்கலாம் என்று கணக்குச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வந்து எங்கள் தேத்தண்ணிக் கோப்பையில் எத்தனை கரண்டி சீனி என்று எண்ணலாம்.